ஏழு இலை ரோஜா

புதுவை,
11.1.2006

அன்பு மகள் பூர்ணிமாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஒலிவியேவும், போட்டோவில் மட்டும் எனக்கு முகம் காட்டும் பேத்தியும் சுகமாயிருக்க வேண்டும். இதை நீ மட்டும் படி. அம்மா கேட்டால், கொசுத் தொல்லை பற்றி எழுதியிருக்கிறேன் என்று சொல்லிவிடு.

அம்மா ஈஸ்டர் வரை அங்கே லியோனிலேயே உன்னோடு இருக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். அதற்கு வருகிறேன். முதலில் ரோஜா.

உன்னிடம் வரக் கிளம்பும்போது அம்மா என்னிடம் ஒப்படைத்தது அவளுடைய பன்னீர் ரோஜாவை மட்டும்தான், வீட்டைக்கூட இல்லை. நானும் ஒழுங்காகத்தான் தண்ணீர் ஊற்றினேன். மழை விட்டதும் ஒட்டு ரோஜா ஒன்று வாங்க நர்சரிக்குப் போனேன். "அடியிலேர்ந்து ஏழு இலைக் கிளை வந்தா அது காட்டுக் கிளை சார், வெட்டிடுங்க. அஞ்சு இலைதான் நல்ல ரோஜா" என்றார் கடைக்காரர். எட்டாவதோடு நின்றவனுக்கு இப்படி ஒரு விஞ்ஞானம் கிடைத்தால் கை சும்மா இருக்குமா? வீட்டுக்கு வந்து அம்மாவின் செடியில் இலைகளை எண்ணினேன். எங்கு பார்த்தாலும் ஏழு! இத்தனை வருஷமாகக் காட்டுச் செடிக்கா மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினாள் என்று சிரித்துக்கொண்டே முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளினேன்.

பக்கத்து வீட்டு முசியே ஃபெர்னான், அந்தப் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், மதில்மேல் எட்டிப் பார்த்தார். ரோஜா என்றால் அவருக்குப் பைத்தியம் என்பதுதான் உனக்குத் தெரியுமே. நர்சரியில் கேட்ட ஏழு இலைக் கணக்கைப் பெருமையாகச் சொன்னேன். "யோவ் அரி, இன்னாய்யா பண்ணிவச்சிருக்க? அந்தக் கணக்கு ஒட்டுச் செடிக்குய்யா! இது சொந்த வேர்ல நிக்கிற ரோஸ் எதுவார். ரெயூனியோன் தீவுலேர்ந்து வந்த பழைய ஜாதி, நம்ம வெயிலுக்கு அசராது. அதுக்குப் பொறப்பே ஏழு இலைதான். நர்சரிக்காரன் ஒட்டுக்கு அடியில வைக்கிறதே இதைத்தான்" என்றார். அதோடு விட்டாரா? "அமிர்தவல்லி வரட்டும், உன்னையும் முழங்கால் வரைக்கும் வெட்டட்டும்" என்றார்.

குப்பையிலிருந்து குச்சிகளைப் பொறுக்கி, மணல் கலந்த தொட்டிகளில் ஊன்றினேன். பாதிக்குமேல் வேர் பிடித்துவிட்டன. தாய்ச்செடியிலும் செந்துளிர் வந்திருக்கிறது. பூத்துவிடும், சந்தேகமே இல்லை. என்ன, பங்குனி ஆகும்.

இப்போது உன் கேள்வி. அம்மா ஈஸ்டருக்கு வந்தால் செடி பூவோடு நிற்கும், நான் தப்பிப்பேன். சரி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேற்று ரசத்தில் உப்பு சரியா என்று கேட்க ஆளில்லாமல், அந்த மொட்டைச் செடியிடம் போய்க் கேட்டேன் மகளே.

உன்னால் அங்கே குழந்தையோடு சமாளிக்க முடியுமானால், டிக்கெட்டில் போட்ட தேதிக்கே அவளை ஏற்றிவிடு. ஏர்போர்ட்டுக்கு நானே போகிறேன். திட்டுவதை அங்கேயே ஆரம்பிக்கட்டும்.

பேத்திக்கு என் முத்தமும் ஆசியும்.

உன் அப்பா,
அரிகிருஷ்ணன்