துணிக்குக் கட்டிய கல்

ராயபுரம், திருப்பூர்
சித்திரை, 1966

அன்புள்ள ரங்காத்தாளுக்கு,

நீயும் அம்மாவும் சுகந்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? மூலனூரில் மழை உண்டா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே பனியன் துணி மிஷினிலிருந்து குழாய் மாதிரி வெள்ளையாக இறங்கிக்கொண்டே இருக்கும். நேற்று மத்தியானம் அதைப் பார்த்து நின்றவனுக்கு நம் புடலைப் பந்தலுக்கு அடியில் நிற்பதுபோல் இருந்தது. இலை அசைந்தது. ஈர மண் வாசம்கூட வந்தது. எந்த நினைப்பில் கல்லை எடுத்தேனோ, துணியின் நுனியில் நூல் போட்டுக் கட்டியிருக்கிறேன்.

ஃபோர்மேன் மருதாசலம் வந்து, "ஏனுங்க, துணிக்கு எதுக்குங்க கல்லு?" என்றார்.

"சுருளாம நேரா வளரோணுமுங்க" என்றேன். ஷெட்டே சிரித்தது, நானும் சிரித்தேன். துணிக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே.

முருங்கை காய்த்து ஓய்ந்ததும் கிளைகளை வெட்டிவிடு, இல்லாவிட்டால் ஆடிக் காற்று முறித்துவிடும். வெட்டின இடத்தில் சாணி அப்பு. புடலைக்குப் பொழுது சாய்ந்த பிறகு தண்ணீர் விடு. பிஞ்சுகளுக்குக் கல் கட்ட மறக்காதே. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் கட்டாதே, நான் வந்து கட்டுகிறேன்.

சங்கு ஊதுகிறது, முடிக்கிறேன். ஆடி நோம்பிக்குத்தான் லீவு. அதற்குள் அந்தக் காய் சுருண்டு பழுத்துவிடும் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் விட்டு வை.

உன்
ஈஸ்வரமூர்த்தி