வெள்ளிக்கிழமை நண்டுக் கறி

இன்று காலை உன் போன் சின்னதாக ஒரு சத்தம் போட்டது. மெயில் ஒன்று போய்விட்டது என்று அர்த்தம். நீ நாள் குறித்து வைத்துவிட்டுப் போனவற்றில் அதுதான் கடைசி. நீ போய் எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவும் முடிந்துவிட்டது. மெயில் மட்டும் நேரம் தவறவில்லை. உயிரோடு இருந்தபோது எந்தக் கல்யாண வீட்டுக்காவது நீ நேரத்துக்கு வந்திருக்கிறாயா, சொல்லு?

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அது லண்டனில் இருக்கும் உன் மகனுக்குத் தெரியக்கூடாது என்றிருந்தாய். அவனுடைய அகதி வழக்கு முடியவில்லை. தெரிந்தால் அடுத்த பிளேனில் வந்து நிற்பான், பிறகு திரும்பிப் போக வழியில்லை. "என்ர முகத்தைப் பாக்க வந்து அவன் தன்ர வாழ்க்கையைத் துலைக்கக்கூடாது" என்றாய். போன் கமரா உடைந்துவிட்டது, இனி மெயில்தான் என்று அவனுக்குச் சொன்னாய். மருந்து ஏற்றினால் நாலைந்து நாளைக்கு உனக்கு விரல் எழும்பாது. அதனால் தெம்பான நாளில் பத்துப் பன்னிரண்டு மெயிலை ஒரேயடியாக எழுதி, ஒவ்வொரு காலையும் ஒன்று போகும்படி வைப்பாய்.

வார்டில் கிடப்பவளுக்கு எழுத என்ன இருக்கிறது? கதை சேர்ப்பது என் வேலை. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், ஆனால் வாய்க்குக் குறைச்சல் இல்லை. வெள்ளவத்தைச் சந்தையில் நான் பார்த்ததெல்லாம் நீ பார்த்ததாகப் போகும். நண்டு ஏன் இந்த விலை என்று மீன்காரனிடம் கேட்டதற்கு, "அக்கே, மீனுக்குக் கால் இல்லை, நண்டுக்கு எத்தினை கால் பாருங்க!" என்று அவன் சொன்னதை நடித்துக் காட்டினேன். சேலைன் ஏறும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

"நண்டு வாங்கிக் கறியும் வச்சனான் எண்டு போடட்டே?" என்றாய்.

"போடு. உன்ர கறியை மெயிலில அனுப்புறதுதான் நல்லது. வாயில வைக்கத் தேவையில்லை."

"பொறடி, எழும்பி வந்து உன்ர வாயில தீத்திறன்."

அவன் பதிலையும் வாசித்துக் காட்டினாய்: "எனக்கும் ரெண்டு கால் எடுத்து வையுங்கோ அம்மா." உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பாத்தியே, பொடியன் நம்பீட்டான்" என்றாய்.

நீ போன அன்று நான்தான் அவனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"எனக்கு முதலே தெரியும் அன்ரி. ஒரு வெள்ளிக்கிழமை அம்மா நண்டுக் கறி வச்சதா எழுதியிருந்தவ. எங்கட வீட்டில வெள்ளிக்கிழமை மரக்கறிதான், மச்சச் சட்டி அடுப்பில ஏறினதே இல்லை. ஏதோ பிழை எண்டு அண்டைக்கே தெரிஞ்ச ஆக்களிட்ட விசாரிச்சன்."

வார்டில் எல்லா நாளும் ஒரே நாள்தானே. நாள் குறித்த உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"பிறகேன் ராசா அம்மாட்டக் கேக்கேல்லை?"

"எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுத்தானே அவ நிம்மதியா இருந்தவ."

மிச்ச மெயில்களை நிப்பாட்டட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் அன்ரி, வரட்டும்" என்றான். ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டான். இன்றைக்கும் போட்டிருக்கிறான்: "சாப்பிட்டிட்டன் அம்மா."

நேற்றுச் சந்தையில் முருங்கைக்காய்க்காரியும் அவள் புருஷனும் தராசை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துச் சண்டை. இதை உனக்கு எப்படி நடித்துக் காட்டலாம் என்று யோசித்தபடியே வீதியைக் கடந்து ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏறிவிட்டேன். எங்கே இறக்கம் என்று கண்டக்டர் கேட்டபோதுதான் நினைவு வந்தது. அடுத்த ஹோல்டில் பஸ் நிற்க இறங்கி, அந்தக் கதையையும் கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தேன்.