பதினோரு நாள் பக்கம்

மார்ச் 4
பல் லேபில் இன்று மூன்று செட் பொய்ப்பல் முடித்தேன். ஊருக்கெல்லாம் பல் செய்து கொடுக்கிறேன், என் பல்லைக் கடித்துக்கொண்டு. வீட்டுக்கு வந்ததும் என் இணையதளத்தில் சுவர்ப்பாசிப் படம் ஒன்று சேர்த்தேன். தளத்தின் நிரல் எல்லாம் நானே கையால் எழுதியது; ஒரு குறி விட்டுப்போனால் பக்கமே கோணிக்கொள்ளும். நாளுக்கு நாலைந்து பேர் வருகிறார்கள். போதும்.

மார்ச் 9
அக்கா போன் செய்தாள். அம்மா போன பிறகு முதல் தடவை. ஆஸ்பத்திரியில் அம்மாவின் கடைசிப் பதினோரு நாட்களைத் தளத்தில் எழுதியிருந்தேனே, அதை யாரோ அவளுக்குக் காட்டியிருக்கிறார்கள்.

"வீட்டு விஷயத்தைக் கடை பரப்பிட்டியாடி? நான் வரலைன்னு எழுதியிருக்க. ஏன் வரலைன்னு கேட்டியா?"

கேட்கவில்லைதான். ஆனால் பொய் எழுதவில்லையே! அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கிடந்தவள் நான்.

மார்ச் 10
எடுத்துவிட்டேன். "எடுத்துட்டேன்க்கா" என்று செய்தி அனுப்பினேன்.

மார்ச் 23
அத்தான் போன். "எடுத்துட்டேன்னு சொன்னியாம். நேத்துகூட அவ போன்ல திறந்திருந்துச்சே. ஏம்மா இப்படி?"

பார்த்தால் — உண்மைதான். முகப்பில் இருந்த இணைப்பை மட்டும் எடுத்திருக்கிறேன். பக்கம் அப்படியே இருக்கிறது. முகவரி தெரிந்தவர் நேராகத் திறக்கலாம். இத்தனை வருஷம் தளம் நடத்துகிறவள் செய்கிற காரியமா இது?

தளத்துக்கு யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவையும் பார்த்தேன். தினமும் மதியம் ஒன்றேகாலுக்கு ஒருவர் அந்தப் பக்கத்தை மட்டும் திறக்கிறார். அக்காதான். என் பொய்யைப் பிடிக்கத் தினமும் காவல் காக்கிறாளா? அவ்வளவு வன்மமா என்மேல?

சர்வரில் அழித்தேன். கம்ப்யூட்டரில் அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். பீடை ஒழிந்தது.

மார்ச் 24
ஒழியவில்லை. மேல்வரிசைப் பற்களை இடம் வலம் மாற்றி அடுக்கிவிட்டு முதலாளியிடம் திட்டு வாங்கினேன்.

ஏப்ரல் 2
ஏழாம் நாள் அம்மா என்னவோ சொன்னாள். என்ன? எழுதிவைத்திருக்கிறோமே என்ற தைரியத்தில் மறந்திருக்கிறேன். போயிற்று.

ஏப்ரல் 6
அக்கா.

"ரெண்டு வாரமாத் திறந்து திறந்து பாக்கறேன், வரல. அந்தப் பக்கம் எங்கடி?"

"அழிச்சிட்டேன்க்கா. நீதானே..."

அதற்கு அவள், "தினம் சாப்பாட்டு நேரத்துல படிப்பேன்டி. அம்மாவோட கடைசி நாள்னு எனக்கு இருந்தது அது ஒண்ணுதான்."

நகல் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன் நான்!

ஏப்ரல் 7
லீவு போட்டேன். படுத்தே கிடந்தேன்.

ஏப்ரல் 20
காலையிலிருந்து அக்கா போனில் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்கிறேன். படித்துப் படித்து மனப்பாடமாகியிருக்கிறது அவளுக்கு. ஏழாம் நாள், "மழை வருது, துணியை எடு" என்றாளாம் அம்மா. ஆமாம், அதுதான்! நாலாம் நாளும் ஒன்பதாம் நாளும் இருவருக்குமே நினைவில்லை. அவை இனி வரப்போவதில்லை.

பதினோராம் நாளில் ஓரிடத்தில் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"அடுத்த வரியைப் போடு," என்றாள்.

"வேணாம்க்கா."

"போடுடி. 'அக்கா வரவில்லை.' அதுவும் நடந்ததுதானே."

போட்டேன். பிறகு, ஏன் வரவில்லை என்று முதல்முறையாக அவளைக் கேட்டேன்.