சாலையில் நின்ற கிணறுகள்

செவ்வாய், இரவு

வரைபடத்தில் நான் குறித்த புள்ளிகள் எல்லாம் சாலையின் மேலேயே இருந்தன. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

தாடிக்கொம்புப் பக்கத்துக் கிணறுகளின் இடத்தைப் போனில் குறித்துத் தருவது என் வேலை. இந்த வேலையைத் தந்த செல்வி அக்கா அவற்றைக் கணினியில் நீர்மட்டக் கணக்குப் போடும் ‘நோட்புக்’ என்ற நிரல் பக்கத்தில் சேர்ப்பார். இதுவரை அதில் வரைபடம் அசையாத சிறு படமாகத்தான் இருந்தது. இன்று அதில் புதிதாக ஒரே வரி நிரல் எழுதினார். நகர்த்தவும் பெரிதாக்கவும் முடிகிற வரைபடம் கணக்குக்குக் கீழேயே வந்து உட்கார்ந்தது.

“இம்புட்டு லேசா வருமுன்னு தெரியாமப் போச்சே!” என்று சிரித்தவர், பெரிதாக்கிப் பார்த்ததும் திகைத்தார். “ஏன்டி, கிணறெல்லாம் ரோட்டுல நிக்குது? பஸ்ஸுக்கா? உன் போனு சரியில்லடி. நாளைக்கு வேற வாங்கித் தாரேன்.”

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

போன் சரியாகத்தான் இருக்கிறது. தோட்டத்துக்காரர்களிடம் கேட்டு உள்ளே போகக் கூச்சப்பட்டு, வேலிக்கு வெளியே சாலையில் நின்றே குறித்தேன். சொன்னால் வேலை போய்விடுமா? பள்ளியை விட்டபின் கிடைத்த ஒரே வேலை இது. சொல்லாவிட்டால் புதுப் போனும் சாலையைத்தானே காட்டும்? எது சரியென்றே புரியவில்லை.

“போனு நல்லாத்தான் இருக்குக்கா. நான்தான் உள்ள போகல” என்று அக்காவுக்கு எழுதி அனுப்பினேன்.