காக்கா பஸ்ஸில் போன கதை

அக்கா,

இன்று காலை பட்டறையில் யானை பொம்மையின் அச்சைப் பிரித்தபோது ஈரப் பிளாஸ்டர் வாசனை வந்தது. கூடவே உன் மேல் கோபமும் வந்தது.

அச்சில் களிமண் கூழை ஊற்றினால், ஓரத்தில் ஒட்டிக் கெட்டியானதும் நடுவில் இருக்கும் மிச்சத்தைத் திருப்பிக் கொட்டிவிட வேண்டும். நீ கதை சொன்ன நாட்களில் நாங்கள் யாரும் கொட்டியதில்லை. உள்ளே கெட்டியாகி யானையெல்லாம் அம்மிக்கல்லாகக் கனக்கும். "சூளையில வெடிக்கப் போவுது, கதையா கேக்குறீங்க?" என்று மேஸ்திரி கத்துவார். "யானைன்னா கனமாத்தான் இருக்கும் மேஸ்திரி" என்பாய்.

உன்னிடம் இருந்ததே ஒரு கதை. காக்கா மீன் வாங்க சேத்தியாத்தோப்புக்கு பஸ்ஸில் போன கதை. துபாயிலிருந்து உன் வீட்டுக்காரர் போன் பண்ணிய நாளில் கண்டக்டர் அதற்கு ஜன்னல் சீட்டு கொடுப்பார். போன் வராத நாளில் பாதி வழியில் இறக்கிவிடுவார். அது அழுதுகொண்டே நடக்கும்.

"பறந்து போவக் கூடாதாக்கா?" என்று ஒருநாள் மெல்லக் கேட்டேன்.

"மனசு சரியில்லன்னா றெக்கை எங்கடி தூக்கும்?"

ஒரே மாதிரி சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவே இல்லை. இப்போது பால்வாடி விட்டதும் உன் மகளை இங்கே கொண்டுவந்து விடுகிறார்கள். கதை இல்லாமல் அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்காது. சிரிக்கிற காக்காவைச் சொன்னால், "அம்மா சொன்னது இது இல்ல." அழுகிற காக்காவைச் சொன்னாலும், "இது இல்ல." சோற்று டப்பாவை மூடிவிடுகிறாள். பத்து நாளில் கன்னம் ஒட்டிப்போய்விட்டது. ஸ்கூலில் பேர் கேட்டாலே தலையைக் குனிந்துகொண்டவள், எட்டாவதோடு நின்றவள் நான். என்னைப் போய் இதில் மாட்டிவிட்டாயே.

இன்று பொறுக்க முடியவில்லை.

"காக்கா கண்டக்டரைத் திட்டுச்சு! டிரைவரைத் திட்டுச்சு! மீன்காரம்மாவையும் திட்டுச்சு!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் வேலையை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"காக்காவுக்கு ஏன் இவ்ளோ கோவம்?" என்றாள் பாப்பா.

"அதோட கூட்டாளி சொல்லாம கொள்ளாம போயிட்டா."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். ஊட்டினேன். மென்றுகொண்டே, "அப்புறம்?" என்றாள்.

அப்புறம் என்னவென்று எனக்கும் தெரியாது அக்கா. உன் சிரிப்பும் எனக்கு வரவில்லை, உன் அழுகையும் வரவில்லை. கோபம்தான் இருக்கிறது. இப்போதைக்கு அதை வைத்துத்தான் ஊட்டிக்கொண்டிருக்கிறேன்.