கண்ணாடித் தளப் படகு வேண்டாம்

ஸ்டுட்கார்ட்
05.10.2025

பெருமதிப்புக்குரிய அவையோரே!

இந்த அவையில் அமர்ந்திருப்பவர் நீங்கள் ஒருவர் மட்டுமே, அத்தான். ஆயினும் ஓராளை நோக்கி மெல்லப் பேச எனக்குத் தெரியாது என்று நீங்களே பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே அவை கூடிவிட்டதாகவே கொள்கிறேன்.

என் முறைப்பாடு இதுதான். முதுகுத்தண்டில் அறுவை நடந்து புண் ஆறிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர், மறுவாழ்வு மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே மகளோடு கூட்டுச் சேர்ந்து, பசிபிக் பெருங்கடலுக்குப் பயணம் ஒழுங்கு செய்திருக்கிறார். முப்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவிக்கு ஒரு சொல் இல்லை! நேற்று ஆதிரை வால்டோர்ஃபிலிருந்து தொலைபேசி எடுத்தாள்.

"அம்மா, உங்கட கால் என்ன அளவு?"

"ஏனடி, சப்பாத்து வாங்கப் போறியோ?"

"இல்லையம்மா, தண்ணிக்குள்ள போடுற துடுப்பு. அப்பா சொல்லேல்லையோ?"

அப்பா சொல்லவில்லை. அப்பா எதைத்தான் சொன்னார்?

மெக்சிக்கோவாம். சனவரி நடுவிலாம். முகத்தில் கண்ணாடி மூடி, வாயில் ஒரு குழாய், காலில் தவளைப் பாதம். இந்தக் கோலத்தில் குப்புற மிதந்து மீன் பார்க்க வேண்டுமாம். 'ஸ்நோர்க்கலிங்' என்கிறாள் உங்கள் மகள். நான் அதற்கு மூச்சுக்குழாய் நீச்சல் என்று பெயரிட்டேன். பெயரிட்டதனால் ஒப்புக்கொண்டேன் என்று பொருளல்ல!

சனவரி நடுவில் என்ன வருகிறது? பொங்கல் வருகிறது. ஸ்டுட்கார்ட் பொங்கல் விழாவில் சிறப்புரை யாருடையது? தமிழ்ப்பள்ளியார் கடந்த மாதமே என் பெயரை அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டார்கள். நீங்களோ நீந்தத் தெரியாதவர். நானும் தெரியாதவள். நமக்கு ஏன் கடல்?

எழுத்தில் விடை வேண்டும். தொலைபேசியில் "ம்" போட்டுத் தப்பிவிடுகிறீர்கள்.

எலுமிச்சை ஊறுகாய் ஒரு போத்தல் அனுப்பியிருக்கிறேன். குனியாதீர்கள்.

உங்கள்
சுந்தரேஸ்வரி


ஷ்வார்ஸ்வால்ட்
10.10.2025

அன்பின் ஈஸ்வரி,

ஊறுகாய் வந்து சேர்ந்தது. பக்கத்து அறை ஜெர்மன்காரர் ஒரு துண்டைப் பாண் ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணீரோடு கை குலுக்கினார்.

எழுத்தில் கேட்டது நல்லது. தொலைபேசியில் நீர் மூச்சுவிடும் இடம் பார்த்து நான் உள்ளே வரவேண்டும். நான் வருமுன் அந்த இடம் மூடிவிடுகிறது. கடிதத்தில் எனக்கென்று ஒரு முழுப் பக்கம் இருக்கிறது.

இங்கே வந்த முதல் நாள் வைத்தியர் கேட்டார், "ஹெர் பரராசசிங்கம், எங்கே நோகிறது?" நான் வழக்கம்போல வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். கதிரை வெறுமையாக இருந்தது. நீர் இல்லை. பிறகு நானே ஜெர்மனில் சொன்னேன். வேற்றுமை உருபெல்லாம் பிழை, ஆனால் அவருக்கு விளங்கியது. எட்டு மாதமாக நோகிறது என்றேன். அறுவைக்கு முன் நீர் வைத்தியர்களிடம் இரண்டே இரண்டு கிழமைதான் என்று சொன்னீர். உமக்கு நான் சொல்லவில்லை, நீரும் கேட்கவில்லை.

இங்கே வெந்நீர்க் குளம் ஒன்று உண்டு. மார்ட்டினா என்ற பயிற்சியாளர்தான் கண்ணாடியும் குழாயும் தந்தார். அப்படி மிதந்தால் கழுத்தைத் தூக்கத் தேவையில்லை, முதுகுக்கு நல்லது என்றார். முகத்தை நீருக்குள் வைத்தேன். சத்தமெல்லாம் நின்றது. என் மூச்சு மட்டும் கேட்டது. அறுபத்திரண்டு வயதில் அதை முதல்முறை கேட்டேன்.

ஆதிரையிடம் சொன்னேன். அவள்தான் இந்தக் குடாவைக் கண்டுபிடித்தாள். சனவரியில் அங்கே திமிங்கிலங்கள் வருமாம். தலையை நீருக்குள் வைத்தால், எங்கோ தூரத்தில் அவை பாடுவது கேட்குமாம். ஆண்தான் பாடுமாம். எங்கள் வீட்டுக்கு நேர்மாறு.

தனியாக இறங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். கூட ஒருவர் வேண்டும். இருவரும் அடிக்கடி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஒருவராக நீரே வரவேண்டும் என்று விரும்புகிறேன். ஒரு மணித்தியாலம் நாங்கள் இருவரும் பேச ஏலாது. அவ்வளவுதான் நான் கேட்பது.

அன்புடன்
பரராசசிங்கம்


ஸ்டுட்கார்ட்
14.10.2025

அத்தான்,

உங்கள் பக்கத்தை மூன்று முறை படித்தேன். ஆக, என் குரல்தான் உங்கள் நோய்! அதற்கு மருந்து வாயில் ஒரு குழாய்!

கேளுங்கள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வெளிநாட்டவர் அலுவலகத்தில் அந்த மீசைக்காரர் நம் தாள்களை மேசைக்கு இப்பால் தள்ளியபோது பேசியது யார்? நீங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். வீட்டுக்காரி ஆறு மாதக் குழந்தையோடு நம்மை வெளியேறச் சொன்னபோது, படிக்கட்டில் நின்று பேசியது யார்? ஆதிரையை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்று ஆசிரியை சொன்னபோது, அகரமுதலியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசியது யார்? இந்தக் குரல் நமக்குக் கூரையாக நின்றது. இந்தக் குரல் நமக்குக் கதவாக நின்றது. மழை விட்டதும் குடையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்களா?

நான் உங்களை மறைத்து நின்றேன் என்றுதானே சொல்ல வருகிறீர்கள்? உங்களுக்கு முன்னால் நின்றேன், அத்தான். இரண்டும் ஒன்றல்ல.

இருபத்திரண்டாம் நாள் உங்களை விடுவிக்கிறார்கள். தொடர்வண்டி நிலையத்தில் நிற்பேன். முருங்கைக்காய் வாங்கிவிட்டேன். நேரே வீட்டுக்கு வாருங்கள்.

சுந்தரேஸ்வரி


வால்டோர்ஃப்
27.10.2025

அன்பின் ஈஸ்வரி,

நிலையத்தில் நீர் குளிரில் காத்து நின்றதை ஆதிரை சொன்னாள். மன்னியும். கார்ல்ஸ்ரூவில் இறங்கி ஸ்டுட்கார்ட் வண்டிக்காகத்தான் நின்றேன். அது வந்தது, கதவு திறந்தது. என்னால் ஏற முடியவில்லை. பிறகு வந்த வண்டியில் மகளிடம் வந்துவிட்டேன்.

நீர் எழுதியது அத்தனையும் உண்மை. நீர் பேசியிராவிட்டால் எங்களுக்கு இங்கே ஒன்றுமில்லை. இதை ஊரறியச் சொல்வேன். ஆனால் அந்த மீசைக்காரர் ஓய்வு பெற்றே பல வருடமாகிவிட்டது. நீர் இன்னும் எனக்காகப் பேசிக்கொண்டிருக்கிறீர். கடைக்குப் போனால் பரிமாறும் பெட்டை என்னைப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்பாள். நீர் சொல்வீர், "அவருக்குத் தேத்தண்ணி." எனக்குக் கோப்பி பிடிக்கும், ஈஸ்வரி. முந்தியும் பிடிக்கும்.

என்னிலும் பிழை உண்டு. நீர் பேசுவது எனக்கு வசதியாக இருந்தது. வசதியாக இருந்து இருந்து, நான் இருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது.

முடிவாகச் சொல்கிறேன். நீர் கடலுக்கு வந்தால், அங்கிருந்து இருவரும் ஒன்றாக ஸ்டுட்கார்ட் திரும்புவோம். வராவிட்டால் அங்குள்ள குழுவோடு நான் இறங்குவேன். திரும்பி வந்து வால்டோர்ஃபில் ஓர் அறை பார்ப்பேன். இது வெருட்டு இல்லை. வேறு வழி தெரியாமல் எழுதுகிறேன்.

பரராசசிங்கம்


ஸ்டுட்கார்ட்
02.11.2025

அன்பும் பண்பும் ஒருங்கே அமைந்த அத்தானுக்கு,

வெற்றி! வருகிறேன். பசிபிக் பெருங்கடலே வழிவிடு, சுந்தரேஸ்வரி வருகிறாள்!

விழாப் பொறுப்பாளர் சிறீதரன் தம்பியிடம், "இந்த முறை நான் நாட்டிலை இல்லையடா" என்றேன். "அக்கா, பகிடி விடாதேங்கோ, நீங்கள் இல்லாமல் மேடை ஏலாது" என்று பதறினான். இருவரும் ஒரு வழி கண்டோம். என் உரையை முன்கூட்டியே பதிவு செய்து கொடுப்பேன். பெரிய திரையில் போடுவார்கள். நான் கடலில் இருக்கும்போதே ஸ்டுட்கார்ட்டில் முழங்குவேன்!

இன்னொரு நற்செய்தி. உங்கள் முதுகை எண்ணி இரண்டு இரவு எனக்குத் தூக்கமில்லை. ஆகவே பயண முகவர் நிலையத்தை நானே அழைத்தேன். "என் கணவருக்குத் தண்ணீர் என்றால் அச்சம், அறுவை வேறு நடந்தது, வெளியே சொல்லமாட்டார்" என்று விளக்கினேன். என்ன பண்பான பெண்! மூச்சுக்குழாய் நீச்சலை நீக்கிவிட்டு, கண்ணாடித் தளப் படகில் நமக்கு இரண்டு இருக்கைகள் போட்டுவிட்டாள். நனைய வேண்டியதில்லை. அமர்ந்தபடியே காலடியில் மீன் பார்க்கலாம். படகில் கோப்பி உண்டா என்றும் கேட்டேன். உண்டாம்! உங்களுக்கென்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி வீட்டுக்கு வரலாமல்லவா?

உங்கள்
ஈஸ்வரி


வால்டோர்ஃப்
07.11.2025

ஈஸ்வரி,

பயண நிலையத்திலிருந்து எனக்கும் அறிவித்தல் வந்தது. என் பெயருக்கு எதிரே 'நீருக்கு அஞ்சுபவர்' என்று எழுதியிருக்கிறது.

நீருக்கு அஞ்சுவது நீர். நான் அல்ல. எட்டு மாத நோவை இரண்டு கிழமை ஆக்கியது போல, இப்போது உம்முடைய பயத்தை என்னுடையது ஆக்கிவிட்டீர்.

படகில் இருந்தால் மீன் தெரியும். பாட்டுக் கேட்காது.

ஒரே ஒரு மணித்தியாலம் கேட்டேன். அதற்குள்ளும் நீரே பேசிவிட்டீர். எனக்கு இனி எழுத ஒன்றுமில்லை. கோப்பியும் வேண்டாம்.

பரராசசிங்கம்


ஸ்டுட்கார்ட்
30.11.2025

அத்தான்,

அவையோரே என்று தொடங்கவில்லை. அவை கலைந்துவிட்டது. விளக்குகளும் அணைந்துவிட்டன. நீங்களும் நானும்தான் இருக்கிறோம்.

உங்கள் கடிதத்துக்கு நான்கு மறுமொழிகள் எழுதினேன். ஒவ்வொன்றும் நல்ல உரை. ஒவ்வொன்றிலும் நீங்கள் தோற்றீர்கள். நான்கையும் கிழித்துப் போட்டேன்.

உண்மை சொல்கிறேன். அஞ்சியது நான்தான். நீருக்கு மட்டுமல்ல, ஒரு மணிநேரம் பேசாதிருந்தால் என்னில் என்ன மிஞ்சும் என்றும் அஞ்சினேன்.

தமிழ்ப்பள்ளியில் என்னோடு படிப்பிக்கும் சிவமலரை உங்களுக்குத் தெரியும். அவள் நன்றாக நீந்துவாள். அவளிடம் போய், "என்னைத் தண்ணிக்குள்ள இறக்கிவிடு" என்றேன். "அக்கா, ஒலிவாங்கியையும் கொண்டு வருவியளோ?" என்று கேட்டாள். அந்தப் பகிடியைப் பொறுத்துக்கொண்டேன். நகரக் குளத்தில் பெண்களுக்கான மாலையில், மணிக்கட்டுவரை மூடிய உடையில், கண்ணாடியும் குழாயுமாக இறங்கினேன். முகம் நீரைத் தொட்டதும் "ஐயோ" என்று அலறினேன். குழாய் வழியே அது சங்கு ஊதியதுபோல வெளியே வந்தது. குளக்கரையில் நின்ற காவற்பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு மூக்கு நிறையத் தண்ணீர்.

நான்காம் மாலையில்தான் மிதந்தேன்.

சிவமலர் எனக்குக் கை மொழி சொல்லித் தந்தாள். கட்டைவிரலை உயர்த்தினால் நன்று என்று பொருளில்லை, மேலே போவோம் என்று பொருள். சுட்டுவிரலும் கட்டைவிரலும் வளையமாகச் சேர்ந்தால், நலமா என்று கேள்வி. மற்றவர் அதே வளையத்தைக் காட்டினால், நலம் என்று விடை. நான் வளையம் காட்டினேன். அவள் உடனே காட்டவில்லை. காலைத் தடவிக்கொண்டிருந்தாள், தசை பிடித்திருக்கிறது. நான் காத்திருந்தேன். அவளுக்காக விடை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

அத்தான், மேடையில் நான் ஆயிரம் கேள்விகள் கேட்டிருக்கிறேன். ஒன்றுக்கும் விடைக்காகக் காத்திருந்ததில்லை. அடுத்த வரியில் நானே சொல்லிவிடுவேன். கைதட்டல் வரும். அந்தப் பழக்கத்தோடுதான் வீட்டுக்கும் வந்திருக்கிறேன். நீங்கள் எதையும் சொல்வதில்லை என்று குற்றஞ்சாட்டினேன். சொல்ல நான் எங்கே இடம் வைத்தேன்? இதற்கு விடையை நான் எழுதப் போவதில்லை.

பொங்கல் மேடையில் சிவமலர் பேசுவாள். என் பதிவு திரையில் வராது. சிறீதரன் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுக்கவில்லை. பிறகு வந்து, "அக்கா, மீனுக்காவது பாவம் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டில் கோப்பித் தூள் வாங்கி வைத்திருக்கிறேன். உங்களுக்குப் பால் விடுவதா, விடாமல் தருவதா? முப்பது ஆண்டுகள் கழித்தும் எனக்குத் தெரியாது. இதை யாரிடம் சொல்லி வெட்கப்படுவேன்?

பயண நிலையத்தின் எண் இதோ, மேசையில் என் கண்முன் இருக்கிறது. அந்தப் பெண்ணை அழைத்து எல்லாவற்றையும் மாற்றிவிட என் கை பலமுறை போனது. அழைக்கவில்லை. அழைக்கவும் மாட்டேன். உங்கள் பெயருக்கு எதிரே நான் எழுதுவித்த பொய்யை நீக்க வேண்டிய குரல் என்னுடையதல்ல.

ஆகவே, அத்தான், என் கோரிக்கை ஒன்றே ஒன்று. இந்தக் கடிதத்தை மடித்து வைக்காதீர்கள். ஆதிரையிடம் கொடுத்துப் பேசச் சொல்லாதீர்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். எழுந்து தொலைபேசியை எடுங்கள். கண்ணாடித் தளப் படகு வேண்டாம் என்று சொல்லுங்கள். நீருக்கு அஞ்சுபவர் யாரென்று கேட்டால், என் மனைவி, ஆனாலும் இறங்குவாள் என்று சொல்லுங்கள். வேற்றுமை எல்லாம் பிழையாகவே இருக்கட்டும். இரண்டு பேர் என்று சொல்லுங்கள்.

பேசுங்கள், அத்தான். இப்போதே பேசுங்கள்!

காத்திருக்கும்
ஈஸ்வரி