வாய்வார்த்தைக்கு விலக்கு

ஜனவரி 12

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே நான் நலம். நீ நலமாக இருப்பதை டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். கொஞ்சம் இளைத்திருக்கிறாய்.

நாலு தடவை போன் அடித்தும் அக்கா எடுக்கவில்லையே என்று கோபமாக இருப்பாய். அத்தான் வீட்டில் இருக்கும்போது உன் குரல் கேட்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்தேன்.

விஷயத்தை மறைக்காமல் எழுதுகிறேன். இரண்டு வருஷமாக உன் அத்தான் கால்பந்துப் பந்தயத்தில் விழுந்து கிடந்தார். முதலில் யார் ஜெயிப்பார்கள் என்று கட்டினார். பிறகு அடுத்த கார்னர் யாருக்கு, அடுத்த மஞ்சள் அட்டை யாருக்கு என்று நிமிஷத்துக்கு நிமிஷம் போனைத் தட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு போனது என்று எழுத மாட்டேன். பஸ்ஸை ஸ்டாப்பில் நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்தார் என்று பயணிகள் புகார் கொடுத்து, மூன்று வாரம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அப்போதுதான் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். பெரிய போனை என் கையில் கொடுத்துவிட்டுப் பட்டன் போனுக்கு மாறிவிட்டார். சனிக்கிழமை தோறும் இதே கஷ்டத்தில் இருப்பவர்களின் கூட்டத்துக்குப் போகிறார். மூன்று மாதமாகத் தொடவில்லை.

ஆட்டத்தை மட்டும் விட முடியவில்லை. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறார். "ஏன்?" என்று கேட்டேன். "வர்ணனை நடுவுல மச்சான், 'மனசுல தோணுதா, தோணினதும் தட்டு'ன்னு சொல்லுவான்ல? விளம்பரக்காரன் சொல்ற மாதிரியே இருக்காது. நம்ம வீட்டு ஆளு பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி இருக்கும். கை தானா போயிடும்" என்றார். உன்னைக் குறை சொல்லவில்லை, தம்பி. டிப்போவில் இன்றைக்கும் 'என் மச்சான் குரல்' என்றுதான் பெருமையடிக்கிறார்.

ஆட்ட நேரத்தில் பந்தய விளம்பரமே கூடாது என்று சட்டம் கொண்டுவர ஒரு குழு அமைத்து, எல்லாரிடமும் கருத்துக் கேட்கிறார்களாம். அத்தான் போய்ப் பேசப் போகிறார். நீயும் இரண்டு வார்த்தை சொன்னால் கேட்பார்கள். சின்ன வயதில் நான் பாத்திரம் தேய்ப்பதற்கே வர்ணனை சொன்னவன் நீ. இதற்கு உனக்கு வார்த்தை வராமலா போகும்?

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும், பள்ளிக்கூடத்தில் மார்க் ஷீட் வந்த மாதிரி பிரிக்கத் தயங்கினேன். பிரித்து இரண்டு தடவை படித்தேன். அத்தானா! பஸ்ஸை ஒரு நிமிஷம் தாமதமாக எடுத்தால்கூட வருத்தப்படுகிற மனிதர்.

ஆனால் அக்கா, அந்த வரி நான் எழுதியதில்லை. சீட்டில் எழுதி நீட்டுகிறார்கள், படிக்கிறேன். நான் படிக்காவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரன் படிப்பான். லட்சம் பேர் கேட்கிறார்கள், எல்லாருமா விழுகிறார்கள்? கிளப்புகளுக்கும் சின்னப் பிள்ளைகளின் மைதானங்களுக்கும் அந்தப் பணம்தான் சோறு போடுகிறது.

இன்னொன்றையும் உன்னிடம் மறைக்க முடியாது. அதே குழு முன்னால் பந்தயக் கம்பெனி சார்பாகப் பேசச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஒப்புக்கொண்டுவிட்டேன். மாட்டேன் என்றால் அடுத்த சீசனுக்கு மைக் இல்லை. உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன். அத்தான் வேறு நாளில் பேசினால் எல்லாருக்கும் நல்லது.

அத்தானை நான் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

*

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அத்தானுக்கு அவர்கள் கொடுத்த நாள் அதுதான். அதை மாற்ற எங்களுக்கு யாரைத் தெரியும்?

நீ பேச எழுந்ததும் அத்தான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். கோபத்தில் போகவில்லை. சபையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார முடியாதே. நான் கடைசி வரிசையில் இருந்து கேட்டேன். நன்றாகப் பேசினாய். உன் நீலச் சட்டைக் காலர் மடங்கியிருந்தது. போகும்போது எங்களைப் பார்க்காத மாதிரி போனாய். அவசரமாக இருந்திருக்கும்.

மதியம் அத்தானைக் கூப்பிட்டார்கள். அதை நீ பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாலு பக்கம் எழுதிவைத்திருந்தார். ஒரு வார்த்தை விடாமல் படித்தார். கம்பெனி வக்கீல் எழுந்தார்.

"விளம்பரத்தைவிட, வர்ணனை நடுவுல வாயால சொல்றதுதான் உங்களைக் கெடுத்துச்சுன்னு சொல்றீங்க. சொன்னது யாரு? எந்த வர்ணனையாளர்?"

அத்தான் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஞாபகம் இல்லீங்க" என்றார்.

"என்ன சொன்னாருன்னாவது ஞாபகம் இருக்கா?"

"இல்லீங்க."

"யார் சொன்னதுன்னும் தெரியலை, என்ன சொன்னதுன்னும் தெரியலை. அப்படிப்பட்ட பேச்சு உங்க குடும்பத்தைக் கெடுத்துடுச்சு. அப்படித்தானே?"

சபையில் சிரித்தார்கள். முப்பது வருஷம் இந்த ஊரையே ஏற்றி இறக்கிய மனிதர், காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன், "ஏன் அப்படிச் சொன்னீங்க?" ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "பேரைச் சொன்னா நாளைக்குப் பேப்பர்ல வரும். உனக்குக் கூடப்பிறந்தவன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தானே" என்றார்.

நேற்று முடிவு வந்துவிட்டது. ஆட்ட நேரத்தில் பந்தய விளம்பரம் கூடாது. ஆனால் வர்ணனையாளர் வாய்வார்த்தையாகச் சொல்வதற்கு விலக்கு உண்டு. அதனால் கெடுதல் என்பதற்குச் சாட்சி இல்லையாம். ஏப்ரலில் அமலுக்கு வருகிறது. யாராவது புதிதாகச் சாட்சி சொன்னால் மறுபடி பார்ப்பார்களாம்.

நான் கேட்காமலே உனக்குத் தெரிய வேண்டும்.

உன் அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் காரில் உட்கார்ந்தே படித்தேன். ஒரு மணி நேரம் வண்டியை எடுக்க முடியவில்லை.

நான் போய்ச் சொல்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் இப்போது சொன்னால் சீசன் நடுவில் ஒப்பந்தத்தை மீறியதாக ஆகும், வழக்குப் போடுவார்கள். மே கடைசியில் இறுதி ஆட்டம். அதோடு ஒப்பந்தம் முடிகிறது. ஜூன் முதல் வாரம் நானே குழுவுக்கு எழுதுகிறேன். இரண்டரை மாதம்தானே, அக்கா. அதுவரை அந்த வரியை முடிந்த அளவு வேகமாக, உயிரில்லாமல் படித்துவிடுகிறேன்.

அத்தானிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நீயே ஏதாவது சொல்.

உன் தம்பி

*

ஜூன் 9

தம்பிக்கு,

உன் அத்தான் போய்விட்டார். அடக்கம் முடிந்து ஆறு நாள் ஆகிறது. உனக்குச் சொல்லி அனுப்பவில்லை. அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்தது நான்தான்.

இறுதி ஆட்டத்தன்று மதியம் அவருக்கு ஓய்வு நேரம். டிப்போ ஓய்வறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நம் வீட்டில் செய்வதுபோல அங்கே சத்தத்தை அணைக்கச் சொல்ல முடியாது. எழுந்து போகத்தான் போனாராம். வாசலில் நின்றவர், இடைவேளையில் நீ பேசியதைக் கேட்டுத் திரும்பி வந்து, கூட வேலை செய்பவரிடம் போனை வாங்கியிருக்கிறார். "வீட்டுக்குப் பேசணும்னுதான் கேட்டாரும்மா" என்று அந்த டிரைவர் என்னிடம் வந்து அழுதார். ஏழு மாதம் தொடாமல் இருந்தவர்.

மூன்று நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். "மறுபடி விழுந்துட்டேன்மா." நான் திட்டவில்லை. "சனிக்கிழமை கூட்டத்துல சொல்லுங்க, அங்க எல்லாரும் விழுந்து எழுந்தவங்கதானே. நானும் கூட வரேன்" என்றேன். சரி என்றார். சாப்பிட்டார். மறுநாள் காலை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார். டிப்போவுக்குப் போய்ச் சேரவில்லை.

எப்படி என்று கேட்காதே. எழுத மாட்டேன்.

நீ அந்த வரியை வேகமாகப் படித்தாயா, மெதுவாகப் படித்தாயா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவர் கேட்டார்.

அக்கா

*

செப்டம்பர் 21

அக்கா,

ஜூனுக்குப் பிறகு எழுதிய மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. இதற்கும் வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

போன வாரம் குழு முன்னால் போய்ச் சொல்லிவிட்டேன். "பிப்ரவரியில ஒரு பஸ் டிரைவர், யார் குரல்னு ஞாபகம் இல்லைன்னு சொன்னாரே, அது என் குரல். அவர் என் அக்கா வீட்டுக்காரர். அவருக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு" என்றேன். தலைவரம்மா, "அப்பவே ஏன் சொல்லல?" என்று கேட்டார். ஒப்பந்தம், வழக்கு என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டு, "பயந்தேன்" என்றேன்.

ஆட்டத்தில் எப்படிச் சொல்வேனோ அப்படியே அந்த வரியைச் சொல்லிக்காட்டச் சொன்னார்கள். சொன்னேன். அன்றைக்குச் சிரித்த சபை இந்தத் தடவை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

விலக்கை எடுத்துவிட்டார்கள். அடுத்த சீசனிலிருந்து வர்ணனையில் பந்தயத்தின் பேரையே எடுக்கக் கூடாது. எனக்கும் அடுத்த சீசன் இல்லை. அதற்கு நான் வருந்தவில்லை. ஜூன் முதல் வாரம் என்று எழுதினேனே, அந்தத் தேதியை நினைத்துத்தான் வருந்துகிறேன்.

ஒரு தடவை வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போகிறேனே. வாசலில் நின்றுவிட்டுப் போனாலும் போதும்.

தம்பி

*

அக்டோபர் 14

தம்பிக்கு,

கடிதம் வந்தது. முன்பு எழுதிய மூன்றும் வந்தன. நாலையும் படித்தேன்.

செய்தி உன் கடிதத்துக்கு முன்பே தெரியும். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஒரு பெரியவர் படிக்கிற கண்ணாடி வாங்க வந்தார். மாட்டிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்க்க அன்றைய பேப்பரைக் கொடுத்தேன். முதல் பக்கத்தை உரக்கப் படித்தார். 'பந்தயம் பற்றி வர்ணனையில் பேசவும் தடை. டிரைவரின் மைத்துனர் சாட்சி.' முழுவதையும் படித்து முடித்தார். "எழுத்து தெளிவா தெரியுதாங்க?" என்று கேட்டேன். "ரொம்பத் தெளிவா இருக்கும்மா" என்றார். பில் போட்டுக் கொடுத்தேன்.

நீ செய்தது சரிதான். யாரோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் இதனால் பிழைத்துக்கொள்வார். அவருக்கே தெரியாமல் பிழைத்துக்கொள்வார். அந்த வீட்டுக்காக உனக்கு நன்றி சொல்கிறேன்.

வருகிறேன் என்கிறாய். வராதே. வந்தால் கதவைத் திறப்பேன், சோறு போடுவேன், நீ சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன், மெல்ல மெல்ல எல்லாம் சரியாகிவிடும். உன்மேல் எனக்கு இருக்கும் பாசம் அப்படி. அவ்வளவு சீக்கிரம் சரியாகிவிட நான் விட மாட்டேன். அவருக்காக அதையாவது நான் செய்ய வேண்டும்.

எழுதாதே என்று சொல்ல மனசு வரவில்லை. எழுது. தபால்காரர் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வேன், படிப்பேன். பதிலுக்கு மட்டும் காத்திருக்காதே.

அக்கா